மேல்காற்று ஓய்ந்த அன்று

பங்குனி 9

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை பிரபா எழுதுவது.

நானும் உன் மாப்பிள்ளையும் இரண்டு மாடுகளும் நன்றாக இருக்கிறோம். பூனாவில் நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? முட்டி வலிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை எண்ணெய் பாட்டிலை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று சிரிப்பாய். போன வருஷம் "இந்தக் கோடை காயும், ஜாக்கிரதை" என்று வாட்ஸப்பில் பேசி அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டுக்கு ஒரே போன், அதுவும் எப்போதும் அவர் சட்டைப்பையில்தான். அவர் அதை ஊர் குரூப்பில் போட, அது எங்கெங்கோ சுற்றி உன் ஆபீசுக்கே வந்து, உன்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்று அண்ணி சொன்னாள். அதிலிருந்து போனில் மழையைப் பற்றிப் பேசினாலே நீ "வைக்கட்டுமா" என்கிறாய். அதனால்தான் காகிதம். இதை யாரும் குரூப்பில் போட முடியாது.

விஷயம் இதுதான். ஏரியில் பாதித் தண்ணீர்தான் இருக்கிறது. நம் ஊர் வழக்கம் உனக்கே தெரியும். பாதி ஏரிக்குச் சொர்ணவாரி நெல் நடுவதென்றால் நாலில் ஒரு பங்கு நிலத்தில்தான் நடலாம், மிச்சம் தரிசு. ஆனி, ஆடியில் சாயங்கால மழை நன்றாகப் பெய்யும் என்று தெரிந்தால் மட்டும் எல்லா நிலத்திலும் நடலாம். ஆவணியில் அறுக்கிற அந்த நெல்தான் எங்கள் சாப்பாட்டு அரிசி. போன வருஷம் நீ சொன்னபடியே காய்ந்தது. இந்த வருஷம் என்ன சொல்கிறாய்? எனக்கு மட்டும் சொல்.

உன் மனையில் முள் மண்டியிருக்கிறது. ஏரிக்கரைக் குடிசைச் சின்னபொண்ணுவிடம் வெட்டச் சொல்லியிருக்கிறேன். ஆவணியில் வீட்டுக்குக் கடைக்கால் போடுகிறேன் என்றாயே, நிஜம்தானே?

உன் தங்கை,
பிரபா


2-4, பூனா

அன்புள்ள பிரபா,

கடிதம் வந்தது. முட்டி அப்படியே இருக்கிறது, எண்ணெயும் அப்படியே இருக்கிறது. அண்ணி சுகம். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

கடலுக்கு உள்ளே தள்ளி இருக்கிற சமவெளிகளில் ஒரு கோடைக்கும் அடுத்த கோடைக்கும் மழை ஏன் மாறுகிறது என்று பார்ப்பதுதான் முப்பது வருஷமாக என் பிழைப்பு. ஆனாலும் நீ கேட்டதால் இதை இரண்டு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

உலகத்தின் அந்தக் கோடியில் பசிபிக் என்று ஒரு கடல். அது வழக்கத்துக்கு மேல் சூடேறிய வருஷம் நம் பக்கம் பெரும்பாலும் கோடை காயும். போன வருஷம் நடந்தது அதுதான். இந்த வருஷம் அந்தக் கடல் ஆறிவிட்டது. அது ஒன்று நல்லது. அடுத்தது நம் ஊர்க் காற்று. மதியத்துக்கு மேல் மாமல்லபுரம் பக்கமிருந்து கடல்காற்று புறப்படும். எதிரே மேற்கிலிருந்து மேல்காற்று வரும். இரண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில்தான் இடி, மழை. மேல்காற்று அடங்கிய நாளில் கடல்காற்று நம் ஊர் வரை வரும். ஓங்கி அடித்தால் கிழக்கேயே நின்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், வடக்கே பருவமழை ஓய்கிற நாட்களில்தான் மேல்காற்று தளர்ந்து நமக்கு மழை. அப்புறம் தரையின் ஈரம். ஒரு மழை பெய்தால் அந்த ஈரமே அடுத்த மழைக்கு உதவும். காய்ந்த மண் காய்ந்தே கிடக்கும்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் பாதிதான் பிடிபடுகிறது. மீதிப் பாதிக்கு எங்களிடம் பெயர்கூட இல்லை. நான் சொல்வது மாவட்டத்தின் சராசரி, ஒரு ஊருக்கு அல்ல, உன் வயலுக்கு அல்லவே அல்ல.

பயப்படாதே. இந்த வருஷம் மோசமாக இருக்காது.

ஆவணியில் கடைக்கால் நிச்சயம். அண்ணிகூட வாசல் எந்தப் பக்கம் என்று காகிதத்தில் கோடு போட ஆரம்பித்துவிட்டாள்.

வேதகிரி


சித்திரை 14

அன்புள்ள அண்ணனுக்கு பிரபா எழுதுவது.

நலம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. அண்ணி வாசலைக் கிழக்கே வைக்கட்டும், மேற்கே வைத்தால் ஆடிக் காற்றில் சோற்றில் மண் விழும்.

மடை திறந்தாயிற்று. நாற்று பிடுங்கி நடவும் ஆரம்பித்துவிட்டது. ஏரிக்குக் கீழே இருக்கிற முழு ஆயக்கட்டும் நடுகிறார்கள், மேட்டு நிலம் உட்பட. சின்னபொண்ணு கூட்டத்துக்கு ஒரு நாள் ஓய்வில்லை. "பிரபாக்கா, இப்புடி ஒரு கோடையில வேலைய நான் பாத்ததே இல்ல. இடுப்பு வுட்டுப் போச்சு, ஆனா மனசு குளுந்து கீது" என்கிறாள். அவள் புருஷன் காசி ஏரியில் வலை போட்டு விரால் கொண்டுவந்து கொடுத்தான். குழம்பு வைத்தேன். நீ இல்லையே என்று இருந்தது.

உன் மனையில் முள் வெட்டியாயிற்று. அங்கே நீ வைத்த தென்னையும் குருத்து விட்டிருக்கிறது.

பிரபா


5-5, பூனா

பிரபாவுக்கு,

எல்லாரும் சுகம்தானே? மீன் குழம்புச் செய்தியைப் படித்து நாக்கு ஊறியது. அதற்கு மேலே இருந்த வரியைப் படித்ததும் ஊறினது காய்ந்துவிட்டது.

முழு ஆயக்கட்டா? பாதி ஏரியை நம்பியா? யார் சொல்லி? நம் ஊர் ஏரிச் சங்கத்துக்காரர்கள் வாய்க்கால் வரப்புக்கே மூன்று நாள் பஞ்சாயத்துப் பேசுகிறவர்களாயிற்றே. நான் எழுதியதை நீ யாரிடமாவது சொன்னாயா? ஒளிக்காமல் எழுது. மோசமாக இருக்காது என்றால் நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை.

வேதகிரி


வைகாசி 25

அன்புள்ள அண்ணனுக்கு பிரபா வணக்கம்.

சுகம். அங்கே எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சினைமாடு கன்று போட்டது, கிடாரி. நெற்றியில் வெள்ளை. பக்கத்து ஊரில் பாரதக் கூத்து நடக்கிறது, நானும் இரண்டு நாள் போய்வந்தேன். தபசு மரம் ஏறினவன் மேலேயிருந்து எலுமிச்சம்பழம் வீசினான், ஒன்று என் மடியில் விழுந்தது. நல்ல சகுனம் என்றார்கள்.

பயிர் பச்சையாக இருக்கிறது. மேல்காற்று இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது. மதியத்தில் மண்ணை அள்ளி வீட்டுக்குள் கொட்டுகிறது. தினமும் மூன்று மணிக்குக் கிழக்கே பார்க்கிறேன். அந்தப் பக்கம் மேகம் கருக்கட்டுகிறது. இந்தப் பக்கம் ஒன்றும் வருவதில்லை.

அண்ணி போட்ட கோடு எவ்வளவில் இருக்கிறது?

பிரபா


ஆனி 18

மரியாதைக்குரிய மச்சானுக்கு ஏகாம்பரம் வணக்கம்.

தங்களுக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தால் மன்னிக்கவும். தாங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும்.

நான் எழுதுவது பிரபாவுக்குத் தெரியாது. அவள் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாள். ஏரிச் சங்கக் கூட்டத்தில் உங்கள் கடிதத்தைப் படித்தது நான்தான். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள், எடுத்துக்கொண்டு போனேன். போன வருஷம் நீங்கள் சொன்னது அப்படியே பலித்ததால் எல்லாரும் வாய் திறக்காமல் கேட்டார்கள். கடல், காற்று என்று வந்த இடமெல்லாம் யாருக்கும் ஏறவில்லை. கடைசி வரிதான் ஏறியது. தலைவர் எழுந்து, "மய ஆபீசுலயே கீறவரு சொல்றாரு, மோசமா இருக்காதுன்னு. இன்னாத்துக்கு இன்னும் பேசிக்கினு? முச்சூடும் நட்டுடுங்க" என்றார். எனக்கு மார்பு நிமிர்ந்துவிட்டது. என் மச்சான் அல்லவா!

இப்போது ஏரியில் சேறுதான் தெரிகிறது. பயிர் கதிர் விடப் பொதி கட்டியிருக்கிறது. இந்தச் சமயத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் பதராகும். பழையசீவரத்தில் மூன்று தடவை கொட்டிவிட்டது. அது கிழக்கே இருக்கிறது, கடல்காற்று அங்கேயே நின்றுவிட்டது என்று நீங்கள் எழுதினபடி நானே எல்லாருக்கும் சொன்னேன். ஆனால் டீக்கடையில் ஒருத்தன் கேட்டான்: "சரி ஏகாம்பரம், தாமல் மேக்க கீதே, அங்க எப்டி பெஞ்சிது? கடல்காத்து நம்ம தலமேல பறந்து பூட்ச்சா?" டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன், தாமலில் ஏன் பெய்தது மச்சான்? ஊரில் நடக்கவே பேஜாராக இருக்கிறது.

எந்தத் தேதியில் மழை என்று மட்டும் எழுதுங்கள் மச்சான். வேறொன்றும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஏகாம்பரம்


11-7, பூனா

அன்புள்ள பிரபா, மாப்பிள்ளை இருவருக்கும்,

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை, உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கடைசி வரியை எழுதின கையின் மேல்தான் கோபம். தங்கச்சி பயப்படக் கூடாதே என்று எழுதிய வரி அது. அதில் கணக்கு எதுவும் இல்லை.

வடக்கே இந்த வருஷம் மழை ஓயவே இல்லை, அதனால் மேல்காற்று அடங்கவே இல்லை. கடல்காற்று கிழக்கிலேயே மல்லுக்கட்டி நின்றுவிடுகிறது. நம் தரையிலும் ஈரமில்லாமல் போய்விட்டது. தாமலில் ஏன் பெய்தது என்று கேட்டீர்கள். இரண்டு நாள் சாட்டிலைட் படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மேகம் எழும்பியிருக்கிறது, கொட்டியிருக்கிறது, கலைந்திருக்கிறது. அங்கே ஏன், நமக்கு ஏன் இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. தேதியும் சொல்ல முடியாது. இவ்வளவு பெரிய கட்டடத்தில், இவ்வளவு மெஷின்களோடு உட்கார்ந்துகொண்டு இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

இதில் இன்னொரு கொடுமை. மாவட்டக் கணக்கில் இதுவரை மழை இயல்பு. நம் உத்திரமேரூர்ப் பக்கம் விழாததைப் பழையசீவரமும் தாமலும் சேர்ந்து சரிக்கட்டிவிட்டன. தாளில் பார்த்தால் நான் சொன்னது சரி.

லீவு போட்டிருக்கிறேன். ஆடி பிறந்ததும் வருகிறேன். சங்கத்தில் நானே எழுந்து நின்று, தப்பு என்னுடையது, இவர்களுடையது அல்ல என்று சொல்கிறேன்.

வேதகிரி


ஆடி 4

அண்ணா,

வராதே. வீட்டில் அம்மை போட்டிருக்கிறது. அவருக்குத்தான். வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறேன். வெளி ஆள் வரக் கூடாது. உனக்கே தெரியும்.

பயிரைப் பற்றிக் கேட்காதே. மாட்டை வயலில் அவிழ்த்து விட்டுவிட்டோம். அதுவாவது மேயட்டும். சின்னபொண்ணும் காசியும் சவுக்கு வெட்டுகிற வேலைக்கு எங்கேயோ போய்விட்டார்கள். போகிற அன்று வாசலில் நின்று, "அறுப்பும் போச்சு, ஏரியில மீனும் போச்சு. நாங்க யாரைன்னு போய்க் கேக்கறது பிரபாக்கா?" என்றாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள், ஆனால் என்னைக் கேட்கவில்லை.

நீ சுகமாக இரு.

பிரபா


14-8, பூனா

அன்புள்ள பிரபா,

மாப்பிள்ளைக்கு அம்மை இறங்கிவிட்டதா? தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா? போன் போட்டால் எடுப்பதில்லை. இரண்டு கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. அண்ணி தினமும் கேட்கிறாள்.

இங்கே நேற்று மீட்டிங். எங்கள் மாவட்டக் கணிப்புகளில் மிகச் சரியாக வந்தவற்றில் நம் காஞ்சிபுரமும் ஒன்று என்று பெரியவர் கைகொடுத்தார். எல்லாரும் தட்டினார்கள். நான் எழுந்து கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் செங்கல்பட்டுக்காரப் பையன் ஒருத்தன் போனில் ஒரு வீடியோ காட்டினான். "சார், உங்க ஊர்ப் பக்கம் கொடும்பாவி கட்டி இழுக்கிறாங்க, பாருங்க" என்று சிரித்தான். ஊரின் பாவத்தையெல்லாம் ஒரு வைக்கோல் பொம்மையின் மேல் ஏற்றி, தெருத்தெருவாக இழுத்துப்போய், ஒப்பாரி வைத்துச் சுடுகாட்டில் கொளுத்தினால் மழை வரும் என்பார்களே, அதேதான். சின்ன வயதில் நாமும் பின்னாலேயே ஓடியிருக்கிறோம். அப்போதெல்லாம் அதற்குப் புடைவைதான் கட்டுவார்கள். இதற்குப் பேண்ட் போட்டிருந்தது. கம்பியில் வளைத்த மூக்குக்கண்ணாடி. நீலக் கட்டம் போட்ட சட்டை.

பொங்கலுக்கு வந்தபோது அப்படி ஒரு சட்டையை உன் வீட்டுக் கொடியில் மறந்துவிட்டு வந்தேன். கடையில் அந்த மாதிரிச் சட்டை ஆயிரம் இருக்கும். முன்னால் மாரடித்துக்கொண்டு போன பெண்ணின் முகம் தெரியவில்லை, தலைமுடி மறைத்திருந்தது.

எதுவாக இருந்தாலும் எழுது.

வேதகிரி


ஆவணி 9

அன்புள்ள அண்ணனுக்கு உன் தங்கை பிரபா எழுதுவது.

அம்மை யாருக்கும் போடவில்லை. நீ வந்தால் அடித்துவிடுவார்கள் என்று பயந்து எழுதினேன். உன்னை வரவிடாமல் செய்ய வேறு வழி தெரியவில்லை.

சட்டை உன்னுடையதுதான். நான்தான் கொடுத்தேன். மாரடித்ததும் நான்தான்.

தலைவரும் நாலு பேரும் வந்து வாசலில் நின்றார்கள். "பொதுவுல ஒரு பாவியச் செஞ்சா மயைக்குத் தெரியாது. யாரால ஊரு காஞ்சிச்சோ அவன் உடுத்துனது ஒண்ணு ஓணும்" என்றார் தலைவர். கொடுக்காவிட்டால் அடுத்த போகமான சம்பாவுக்கு எங்கள் வயலுக்கு மடைத் தண்ணீர் கிடையாது என்றும் சொன்னார். சொர்ணவாரி போய்விட்டது. சம்பாவும் போனால் நாங்களும் சின்னபொண்ணு பின்னாலேயே போக வேண்டியதுதான். கொடியில் இருந்ததை எடுத்தேன். காலரில் அழுக்கு இருந்தது. அப்படியே கொடுக்க மனசு வரவில்லை. துவைத்துக் காயவைத்து மடித்துக் கொடுத்தேன். பாவி, துவைத்தேன் அண்ணா.

கொள்ளிக்கு யார் என்று பேச்சு வந்தது. "ஏகாம்பரம், நீதான படிச்சிக் காட்ன, நீயே வெய்யி" என்றுவிட்டார்கள். அவர் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கூடப்பிறந்தவள் இருக்கும்போது வேறு யார் ஒப்பாரி வைப்பது என்று என்னையும் கூப்பிட்டார்கள். முதல் தெருவில் எனக்கு வாய் வரவில்லை, கூச்சமாக இருந்தது. இரண்டாம் தெருவில் பொய்யாக அழுதேன். உன் மனை இருக்கிற தெருவுக்கு வந்தபோது அந்தத் தென்னையைப் பார்த்தேன். அதற்கு மேல் பொய்யாக அழ முடியவில்லை. அம்மா போனதற்குக்கூட அப்படி நான் அழுததில்லை.

சுடுகாட்டில் வைத்துக் கொளுத்தினார்கள். காற்றுக்குத் தீ பரவுமோ என்று குடத்தில் தண்ணீரோடு நின்றோம். ஆனால் புகை நேராக மேலே போயிற்று. அப்போதுதான் கவனித்தேன், இரண்டு மாதத்துக்கு மேலாக அடித்த மேல்காற்று ஓய்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டு வெளியே வந்தால் கிழக்கேயிருந்து சில்லென்று முகத்தில் பட்டது. ஐயோ, இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வா என்று வாய்விட்டுச் சொன்னேன். மழையைப் பார்த்து வராதே என்று சொன்ன பயிர் வைக்கிற வீட்டுப் பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொட்டியது. ஊரே தெருவில் இறங்கி ஆடியது. "பாவி பூட்டான், மய வந்துட்ச்சி" என்று என் வாசலில் நின்று கத்தினார்கள். அதற்கப்புறம் வாரம் முழுக்கப் பெய்தது. செத்த பயிரின் மேல் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. ஏரிக்கும் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது எங்களோடு எல்லாரும் நன்றாகப் பேசுகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவர் மட்டும் யாரோடும் பேசுவதில்லை, என்னோடும்கூட. பதினாறாம் நாள் காரியத்துக்குச் சங்கத்திலேயே வரி போட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு மேல்காற்று ஏன் ஓய்ந்தது அண்ணா? முந்தின நாள் ஓய்ந்திருக்கக் கூடாதா? மறுநாள் ஓய்ந்திருக்கக் கூடாதா? உனக்குக் காரணம் தெரிந்திருந்தாலும் இந்த ஊரில் இனி அது எடுபடாது. இவர்களுக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

கடைக்கால் போட வராதே. அண்ணி வரைந்த காகிதத்தை எடுத்து வைத்துவிடு. இந்த ஊரில் உனக்குக் கொள்ளி வைத்தாயிற்று, மழையும் பெய்தாயிற்று. நீ வந்து தெருவில் நின்றால், அடுத்து எந்த வருஷம் காய்ந்தாலும் செத்தவன் திரும்பி வந்ததால்தான் என்பார்கள். உன் மனையை என்ன செய்வது என்று தெரியவில்லை. முள் திரும்ப முளைக்கிறது. இந்த முறை வெட்டச் சின்னபொண்ணு இல்லை.

மழையைப் பற்றி இனி நான் கேட்க மாட்டேன். முட்டிக்கு எண்ணெய் தேய். நான் சுகமாக இருக்கிறேன் என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. அதை யாருக்கும் படித்துக் காட்ட மாட்டேன்.

உன் தங்கை,
பிரபா